மணி அடிக்காத அறை

கவிதா போன வாரம் போன் எடுத்தாள். நான் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியோர் இல்லத்தில் இப்போது அவள்தான் ரீம் லீடர், பராமரிக்கிற பிள்ளைகளுக்குப் பொறுப்பானவள். என் பழைய கதிரையில்தான் இருக்கிறாள். மதுரைப் பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் எதையும் நம்பிவிடுவாள்.

"ஆன்ட்டி, எல்லா ரூம்லயும் கேமரா வைக்கப் போறாங்க. இனிமே யாரும் யாரையும் கொடுமைப்படுத்த முடியாது. புதுசா சேர்ந்திருக்கற பிள்ளைங்ககிட்ட நீங்க ஒரு நாள் வந்து பேசணும். உங்க காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுங்க."

"கமரா என்னத்தைக் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டேன்.

"அடிக்கிறது, கிள்ளறது, கத்தறது, எல்லாம் தெரிஞ்சிடுமே."

"அடிக்கிற ஆக்களை நான் கமரா இல்லாமலே பிடிச்சனான் பிள்ளை. மற்றதை எப்பிடிப் பிடிக்கப் போறியள்?"

எந்த மற்றது என்று அவளுக்கு விளங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நான் அங்கே போய்ப் பேசுவேனோ தெரியாது. எழுதிக் கொடுத்தால் வாசித்துக் காட்டட்டும்.

முதலில் என்னைப் பற்றி. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். மன்னாரில் நாங்கள் இருந்த காலத்தில் மீன் வாங்க அம்மா என்னைத்தான் அனுப்புவா. விற்கிறவர் எவ்வளவு சிரித்துக் கதைத்தாலும் செவுளைத் திறந்து பார்க்காமல் நான் மீனைத் தொடமாட்டேன். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோதும் அவரது காலில் இருந்த சப்பாத்தின் அடியைத்தான் முதலில் பார்த்தேன் என்று சொந்தக்காரர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். சண்டை எங்களை சிட்னிக்குத் துரத்தியது. இங்கே வந்து இங்கிலீஷ் படித்து, பராமரிப்பு வேலைக்கு ஒரு சான்றிதழ் எடுத்து, பிறகு தாதிப் படிப்பும் படித்தேன். அந்தக் கஷ்டங்களை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் விடுகிறேன்.

பரமட்டாவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது எங்கள் இல்லம். வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். அறைக்குள் போனதும் வயதானவரின் முகத்தைப் பார்க்கமாட்டேன். பயந்த முகம் பொய் சொல்லும். மேற்கையின் உட்பக்கத்தைப் பார்ப்பேன், ஏனென்றால் பிடித்து இழுக்கிறவர்களின் விரல் அங்கேதான் பதியும். கட்டிலைச் சுற்றிய திரைச்சீலையை இழுக்கும் சத்தத்துக்குத் தோள் குறுகுகிறதா என்று பார்ப்பேன். காதின் பின்பக்கம் துடைத்திருக்கிறதா, செருப்பு காலுக்கு எட்டுகிற பக்கத்தில் இருக்கிறதா, இதெல்லாம் பார்ப்பேன். இப்படிப் பார்த்து, கை நீட்டிய சில வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. கெட்டவர்களைப் பிடிப்பது லேசான வேலை.

அந்த இல்லத்துக்கு ஹெலன் என்று ஒரு மனேஜர் வந்தா. நான் வேலை செய்தவர்களுக்குள் மிகவும் மென்மையானவ. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் தானே கேக் செய்துகொண்டு வருவா. கதைக்கும்போது தோளில் கை வைப்பா. அந்தக் கை பட்டதும் எல்லாரும் இளகிவிடுவார்கள். எனக்கு மட்டும் பிடிப்பதில்லை. கனிந்த பழத்தைக் கண்டால் பூச்சி இருக்குமோ என்று பார்க்கிறவள் நான்.

அவ வந்த பிறகுதான் புதிய திரையும் வந்தது. முன்பெல்லாம் கட்டிலில் இருப்பவர் மணியை அமத்தினால் கதவுக்கு மேலே ஒரு பல்ப் எரியும், அவ்வளவுதான். இப்போது தாதியர் மேசைக்கு எதிரே சுவர் அளவுக்கு ஒரு திரை. மணி அடித்ததும் அறை இலக்கம் மஞ்சளில் வரும். போகப் பிந்தினால் சிவப்பாகும். பக்கத்தில் அந்த அறைக்குப் பொறுப்பானவரின் பெயரும் நிற்கும். ஒவ்வொரு காலையும் கூட்டத்தில் ஹெலன் முதல்நாள் சிவப்புகளை வாசிப்பா.

"யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. ஒருவருக்கொருவர் உதவத்தான்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் பெயர்களை வாசிப்பா.

கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்களைக் கூட்டவில்லை. முன்பு எத்தனை பேர் ஓடினார்களோ அத்தனை பேர்தான் இப்போதும் ஓடினார்கள், சுவரில் பெயர் எரிய ஓடினார்கள். கொஞ்ச நாளில் நல்ல பிள்ளைகள் எல்லாம் ஒரு வித்தை பழகிவிட்டார்கள். மணி கேட்டதும் அறைக்குள் போவார்கள், மணியை நிற்பாட்டுவார்கள், "இந்தா வருகிறேன் செல்லம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். திரையில் சிவப்பு இல்லை. உள்ளே கிழவர் ஈரத்தில் கிடப்பார். நான் கண்டு ஏசினேன். ஏசினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் திரும்பத் தொடங்கும்.

இந்த வித்தையைப் பழகாத ஒருவன் இருந்தான். கிரெக் என்று பெயர். முன்பு லொறி ஓட்டியவன், மலை மாதிரி ஆள். கதவைக் காலால் தள்ளித் திறப்பான், தட்டைப் போட்டு உடைப்பான், வாய் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். திரையில் அதிகம் சிவப்பு அவன் பெயருக்குத்தான். காலைக் கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். குரைக்கிற நாய் கடிக்காது என்பதை நான் நம்பியதில்லை. எங்கள் ஊரில் இரண்டையும் செய்த நாய்கள் இருந்தன.

இதற்கு நேர்மாறு ஜெசிந்தா. மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, தற்காலிக விசாவில் இருந்தாள். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். பிணத்தைக் கழுவும்போதுகூட அவரோடு கதைத்துக்கொண்டுதான் கழுவுவாள். அவளுடைய கையில் இருந்தவர்களின் தோலில் ஒரு கீறல் நான் கண்டதில்லை. அவளுக்கு நிரந்தர வேலை இல்லை. சிவப்புக் கூடினால் அடுத்த கிழமை ஷிப்ட் குறையும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் குறைந்தது.

எங்கள் இல்லத்து முதியவர்களில் அப்போது இருந்த ஒரே தமிழ் ஆள் பிலோமினா அன்ரி. மகன் வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்ப்பார். அன்ரிக்கு நினைவு நல்ல தெளிவு, கால்தான் நிற்காது. கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் யாராவது தூக்கி விடவேண்டும். வந்த புதிதில் மணி அடிப்பா, சத்தம் போட்டுக் கூப்பிடுவா, ரீ வந்தால் குடித்துப் பார்த்து, சீனி காணாது என்று திருப்பி அனுப்புவா. எனக்கு அவவைப் பிடித்ததே அதற்காகத்தான்.

பிறகு அன்ரி அடங்கிப்போனா. அவவின் இலக்கம் திரையில் வருவதே இல்லை. காலைக் கூட்டத்தில் ஹெலன் அந்த அறையைப் புகழ்ந்து பேசினா. அந்த அறைக்குப் பொறுப்பான ஜெசிந்தாவின் பெயரைச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். வாய்க்காரக் கிழவி வாய் மூடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும்.

நான் கிரெக்கைத்தான் சந்தேகித்தேன். ஜெசிந்தா இல்லாத நாட்களில் அந்த அறை அவனுக்கு. கையைப் பார்த்தேன், தொடையைப் பார்த்தேன், ஒரு அடையாளமும் இல்லை. மணிக் கயிறு கட்டிலின் பின்னால் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்தேன். சிலர் எட்டாத இடத்தில் போட்டுவிடுவார்கள். அது அன்ரியின் தலையணையில், கைக்கு அருகிலேயே இருந்தது. பிறகு கதவு நீக்கலால் கிரெக்கை வேவு பார்த்தேன். அவன் யன்னலடியில் குனிந்து நின்று, பூச்சாடிக்குக் கீழே இருந்த தட்டை எடுத்து அதிலிருந்த தண்ணீரைக் கழுவும் தொட்டியில் ஊற்றினான். மகன் கொண்டுவந்து வைத்த மணி பிளான்ட் அது. இலை எல்லாம் மஞ்சளித்துப் போயிருந்தது.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"யாரோ இந்தச் சனியனுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொல்கிறார்கள். ஒவ்வொரு ஷிப்டும் நான் வடிக்கிறேன். நீயா?"

நான் இல்லை என்றேன். அவன் கதையை மாற்றுகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அவனுக்கு ஷிப்ட் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. திரும்பவும் லொறிக்கே போனான். ஹெலன் அவனுக்கும் ஒரு கேக் செய்து கொடுத்தா.

ஒரு காலை நான் அன்ரியின் அறைக்குப் போனபோது என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. கை போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நாக்கைப் பார்த்தேன், காய்ந்த தோல் மாதிரி இருந்தது. பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சலத்தில், அதாவது சிறுநீரில் கிருமி, அது இரத்தத்திலும் ஏறிவிட்டது, உடம்பில் தண்ணீரே இல்லை என்று டொக்டர் சொன்னார். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் ஆள் இல்லை.

தண்ணீர் இல்லையாம். ஆனால் அன்ரிக்குக் கொடுத்த கோப்பை எப்போதும் வெறுமையாகத்தானே திரும்பி வந்தது. நான் நேரே அவவின் வெற்று அறைக்குப் போய் அந்தப் பூச்சாடிக்குள் விரலை விட்டேன். சேறு. முகர்ந்து பார்த்தேன். புளித்த பால் மணத்தது. அன்ரி தண்ணீரை மட்டுமல்ல, ரீயையும் அதற்குள்தான் ஊற்றியிருக்கிறா. சாடி அவவின் சக்கர நாற்காலிக்கு எட்டுகிற இடத்திலே இருந்தது. அவ்வளவு காலமும் நான் அவவின் கையில் விரல் அடையாளம் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்ரி தெளிந்து திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தேன்.

"அன்ரி, ரீயை ஏன் பூச்சாடிக்குள்ள ஊத்தினனீங்கள்?"

"ஆர் சொன்னது?"

"மண் சொன்னது."

அன்ரி போர்வையை இழுத்துச் சரிசெய்தா. பிறகு, "குடிச்சா போகவேணும் றீற்றா. போறதெண்டா மணி அடிக்கவேணும். அடிச்சா பிள்ளையின்ர பேர் சிவப்பில வருமாம்" என்றா.

"எந்தப் பிள்ளை?"

"நீ அவளை ஒண்டும் கேக்கக்கூடாது. பாவம், இன்னும் விசா சரிவரேல்லை. தாயைக் கூப்பிடவேணும் எண்டு நிக்கிறாள். வேலை போச்செண்டா எல்லாம் போச்சு. என்ர மகளா இருந்தா நான் இதைச் செய்யமாட்டனே? ஒரு ரீ குடிக்காட்டி என்ன, செத்தே போயிடுவன்?"

"போயிருப்பியள்" என்றேன்.

ஜெசிந்தாவைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டேன். ஏசுவதற்கு எல்லாச் சொல்லும் தயாராக வைத்திருந்தேன்.

"அன்ரியிட்ட என்ன சொன்னனி?"

"என்ன அக்கா? நான் அவவை ஒருநாளும் ஏசினதில்லையே."

"தெரியும். என்ன சொன்னனி எண்டுதான் கேக்கிறன்."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதுதான் என்னை உலுக்கியது. அவளுக்கு அது நினைவில் நிற்கிற அளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை.

"கையைப் பிடிச்சுக்கொண்டுதான் கேட்டனான். 'அன்ரி, பின்னேரச் சாப்பாட்டு நேரம் மட்டும் கொஞ்சம் பொறுங்கோ. எல்லாரும் அப்பதான் அடிக்கினம், என்ர பேர் வந்துகொண்டே இருக்கு' எண்டு. அந்த நேரத்துக்கு மட்டும்தான் அக்கா. பிறகு அவ காலமையும் அடிக்கிறதை விட்டிட்டா. நானும் நல்லதாப் போச்செண்டு விட்டிட்டன்."

"மற்ற றூம்காரரையும் கேட்டனியோ?"

"அவையை எப்பிடிக் கேக்கிறது? வெள்ளைக்காரர், கொம்ப்ளெயின்ற் பண்ணுவினம். அன்ரி எங்கட ஆள்தானே."

அன்ரி சலத்தில் கிருமி ஏறி ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனா என்று மட்டும் சொன்னேன். அவள் அரிசி மூட்டை விழுகிற மாதிரி நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு அவளை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்வார்கள். அணைக்கிற கை என்ன செய்யும் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அன்று அந்த அறையில் கமரா இருந்திருந்தால் என்ன பிடித்திருக்கும்? ஒரு பெண்பிள்ளை முழங்காலில் இருந்து கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு கதைக்கிறாள். கிழவி அவளது கன்னத்தைத் தடவுகிறா. அதை விளம்பரத்துக்கே போட்டிருப்பார்கள்.

நான் ஹெலனிடம் போனேன். பெயர் சிவப்பில் வருமே என்று பயந்துதான் அன்ரி மணி அடிக்கவில்லை என்று சொன்னேன். பெயர் வாசிப்பதை நிற்பாட்டச் சொன்னேன், பின்னேரத்துக்கு இன்னும் ஒரு ஆளைத் தரச் சொன்னேன். ஜெசிந்தா அன்ரியைப் பொறுக்கச் சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை. அன்ரி கேட்டதற்காக இல்லை. இவளை அனுப்பிவிட்டு, கெட்டவள் போய்விட்டாள் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள் என்ற சந்தேகம்தான்.

ஹெலனுக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நான் கிட்ட இருந்து பார்த்தேன். தோளில் கை வைத்து, "சொன்னதற்கு மிகவும் நன்றி, றீற்றா. கட்டாயம் ஏதாவது செய்கிறேன்" என்றா.

செய்தா. அடுத்த கிழமை திரையில் இன்னொரு வரிசை வந்தது. யார் யார் தண்ணீர் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் அதற்கும் சிவப்பு, அதற்கும் ஒரு பெயர். பிள்ளைகள் கோப்பையைக் கிழவர்களின் வாயில் வைத்து அவசரமாகச் சரிக்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மண்டபம் முழுக்க இருமல்.

நான் கோபத்தோடு ஹெலனின் அறைக்குப் போனேன். கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. உள்ளே அவ கணினிக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தா. தலைமைக் காரியாலயத்துக் கூட்டம். எந்த இல்லத்தில் சிவப்பு அதிகம் என்று அங்கே ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது. நல்ல இனிமையான குரல். எங்களுடைய பெயர் வந்தபோது ஹெலன், "மன்னிக்கவேண்டும், அடுத்த மாதம் சரிசெய்கிறேன்" என்றா, பாடம் செய்யாத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். அந்த இனிமையான குரலுக்கு மேலேயும் ஒரு திரை இருக்கும் என்று எனக்கு அப்போதே விளங்கியது.

என்னால் முடிந்தது ஆட்களை அறைகளுக்குப் பிரித்துப் போடுவதுதான். அன்ரியின் அறையை நானே எடுத்துக்கொண்டேன். அது சரிவரவில்லை. ஜெசிந்தாவை நான் தண்டித்துவிட்டேன் என்று அன்ரி நினைத்தா. என் முன்னால் ரீயைக் குடிப்பா, ஆனால் மணியை மட்டும் தொடமாட்டா. ஒருநாள் வற்புறுத்தி அமத்தவைத்தேன். வெளியே நடைவழியில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டதும், "மன்னிச்சுக்கொள் பிள்ளை, றீற்றாதான் அடிக்கச் சொன்னவ" என்று கதவைப் பார்த்துக் கும்பிட்டா. குளிர்காலம் முடிவதற்குள் அதே கிருமி திரும்பி வந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து அன்ரி திரும்பவில்லை.

அடக்கப் பூசையில் ஜெசிந்தாதான் பாடினாள். நடுவில் குரல் உடைந்து அழுதாள். "அம்மாவுக்கு ஒரு மகள் மாதிரி இருந்தவ" என்று அன்ரியின் மகன் எல்லாருக்கும் சொன்னார். அது பொய் இல்லை. அவளுடைய கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தேகிக்காத விஷயங்கள் மிகக் குறைவு, அதில் ஒன்று அந்தக் கண்ணீர். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் அன்ரி மணியை அடித்திருப்பா.

இவ்வளவும் எழுதிவிட்டு இத்தோடு முடிப்போம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது.

எனக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான். தனியே இருக்கிறபடியால் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்து குளிக்க வார்த்து, ரீ போட்டுத் தந்துவிட்டுப் போவாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல மென்மையான கை. அவளது போன் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் கணக்குப் பார்த்து உறுமும். இன்றைக்கும் உறுமியது. அவள் சோகமாகச் சிரித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, அடுத்த வீடு டூங்காபியில. பிந்தினா என்னைத்தான் பிடிப்பினம். வேற ஏதும் வேணுமோ?"

எனக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது. தனியே எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் மேசையில் இருந்த ரீக் கோப்பையைக் கையால் தள்ளி வைத்தேன்.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை, நான் சமாளிப்பன். நீ போயிட்டு வா."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. எவ்வளவு அன்பான குரல். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவடிக்குப் போய்விட்டாள்.

"பிள்ளை, நில்" என்றேன்.

கோப்பையை எடுத்து ஆறிப்போன ரீயை முழுக்கக் குடித்தேன். பிறகு, "என்னைப் பிடிச்சுப் பாத்றூமுக்குக் கூட்டிக்கொண்டு போ. வந்து இன்னொரு ரீ போடு" என்றேன்.

போன் திரும்பவும் உறுமியது. அவள் போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.